சக்கரத்தில் படிந்த கருந்தூள்

ஓடும் வண்டியைப் புகழ்வோர் பலர்; அதனை நிற்க வைக்கும் கருவியை நினைப்போர் சிலரே. எஞ்சினின் வலிமையும், இருக்கையின் சொகுசும், மேற்பூச்சின் பளபளப்பும் வண்டி வாங்கும் நாளிலேயே கண்ணில் படுகின்றன. பிரேக்கோ தவறும் நாளில்தான் நினைவுக்கு வருகிறது. ஆயினும் ஒவ்வொரு முறை மிதிக்கப்படும்போதும் அது தன் பணியைப் பற்றி ஒரு சிறு குறிப்பை எழுதி வைத்துவிட்டே செல்கிறது. அக்குறிப்பு எழுதப்படும் இடம் சக்கரம். எழுதும் மை கரிய தூள். அதனைப் படிக்காமலே பல மாதங்கள் துடைத்துக்கொண்டிருந்த ஆசிரியர் ஒருவரின் அனுபவம் பிறருக்கும் பயன்படக் கூடியது.

அவர் 34 ஆண்டுகள் தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவற்றுள் 11 ஆண்டுகள் பேராக் மாநிலத்தில், தாப்பாவை அடுத்த தோட்டப் பள்ளி ஒன்றில் கழிந்தன. கணக்குப் பாடம் நடத்துவதில் அவருக்குத் தனிப் பெயர் உண்டு. கணக்கு வகுப்பில் அழிப்பானைப் பயன்படுத்த மாணவர்களை அவர் விடமாட்டார். விடை தவறினால் அதன்மேல் மெல்லிய கோடு ஒன்றை இட்டுவிட்டுக் கீழே புதிதாகச் செய்ய வேண்டும். தவறு கண்முன் இருந்தால்தான் அது எந்த அடியில் நேர்ந்தது என்பது தெரியும்; அழித்துவிட்டால் அதே தவறு மறுநாளும் வரும் என்பது அவர் கொள்கை. ஆனால் பாடம் முடிந்ததும் கரும்பலகையை மட்டும் தாமே ஈரத் துணியால் துடைத்து, அடுத்து வரும் ஆசிரியருக்குப் புதிது போல விட்டுச் செல்வார். தூய்மை அவருக்கு ஒரு பழக்கம் மட்டுமன்று, பெருமையும் கூட.

ஓய்வு பெற்றபின் கிள்ளானில் மகன் குடும்பத்துடன் குடியேறினார். பணிக்காலத்தில் பள்ளி விடுமுறைகள் எல்லாம் தேர்வுத்தாள்களுக்கும் கூடுதல் வகுப்புகளுக்கும் போய்விட்டன. நாட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக நெஞ்சில் கிடந்தது. பழைய வேன் ஒன்றை வாங்கினார். உரிய ஒப்புதல்களைப் பெற்று அதனை உறங்கவும் சமைக்கவும் ஏற்ற வண்டியாக மாற்றினார். கேம்பர்வேன் எனப்படும் அவ்வகை வண்டியில் பலகைப் படுக்கை, எரிவாயு அடுப்பு, 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, விளக்குக்கும் மின்விசிறிக்கும் தனி மின்கலம், வெயிலுக்கு விரிக்கும் கூடாரத் துணி எல்லாம் இடம்பெற்றன. படுக்கையின் அடியில் ஒரு பெட்டி நிறையப் புத்தகங்களும் ஏறின. ஆசிரியரும் அவருடைய துணைவியாரும் மோரிப், போர்ட்டிக்சன், செராத்திங் எனக் கடற்கரை கடற்கரையாகச் சென்று வந்தார்கள்.

தந்தையின் பிறந்த நாளுக்கு மகன் நான்கு புதிய சக்கரங்களை வாங்கிக் கொடுத்தான். அலுமினியக் கலப்பு உலோகத்தால் வார்த்த, ஐந்து கைகள் விரிந்த வெள்ளி நிறச் சக்கரங்கள். மலேசிய மக்கள் 'ஸ்போர்ட் ரிம்' என்று சொல்வது இவற்றைத்தான். பழைய எஃகுச் சக்கரங்களுடன் சரக்கு வண்டி போல இருந்த வேன் ஒரே நாளில் புது மாப்பிள்ளைக் கோலம் கொண்டது. அன்று முதல் ஆசிரியரின் சனிக்கிழமைக் காலைகள் அந்தச் சக்கரங்களுக்கு உரியவை ஆயின. முக்காலியில் அமர்ந்து, வாளியும் தூரிகையும் அருகில் இருக்க, ஒவ்வொரு கையையும் தனித்தனியே தேய்த்துத் துடைப்பார்.

ஆனால் ஒவ்வொரு பயணம் முடிந்தும் சக்கரங்கள் கறுத்தே திரும்பின. சேறாக இருந்தால் தண்ணீரிலேயே போய்விடும், இது போகவில்லை. மையைப் போல் விரலில் ஒட்டிக்கொள்ளும் நுண்ணிய தூள். பின் சக்கரங்கள் ஏறத்தாழத் தூய்மையாகவே இருந்தன. முன் சக்கரங்களில்தான் தூள் மிகுந்திருந்தது. முன் இரண்டிலும் இடப்பக்கச் சக்கரம் கூடுதலாகக் கறுத்திருந்தது. அதனை ஆசிரியர் கவனிக்காமல் இல்லை. இந்நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்பக்கமாகச் செல்வதால், ஓரத்துப் புழுதி அந்தப் பக்கத்துச் சக்கரத்தில் மிகுதியாகப் படிகிறது என்று தமக்குத் தாமே விளக்கம் சொல்லிக்கொண்டார். பொருத்தமாகத் தோன்றும் தவறான விளக்கத்தைப் போல் ஆபத்தானது வேறில்லை. அது மேலும் கேள்வி எழாமல் தடுத்துவிடுகிறது.

சோப்பு நீர் போதவில்லை என்று கடையில் ஒரு கழுவு நீர்மம் வாங்கினார். அதுவும் போதவில்லை என்று அமிலம் கலந்த வேறொன்றை வாங்கினார். அது தூளை நொடியில் நீக்கியது. ஆனால் இரண்டு மாதத்தில் சக்கரத்தின் மேற்பூச்சில் பால் சிந்தியது போன்ற மங்கலான திட்டுகள் தோன்றின. பின்னர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் இடையே பொருத்தும் மெல்லிய உலோகத் தட்டுகளை வரவழைத்து முன் சக்கரங்களில் மாட்டினார். தூள் உட்புறமே தங்கிவிடும். வெளியே சக்கரம் பளிச்சென்று இருக்கும். அந்தச் சனிக்கிழமை அவர் வெற்றி பெற்றவராக முக்காலியை எடுத்து உள்ளே வைத்தார். "உள்ளே இருக்கும் அழுக்கு அப்படியே இருக்குமே" என்று துணைவியார் கேட்டபோது, "கண்ணுக்குத் தெரியாதல்லவா?" என்று சிரித்தார்.

இங்கே அந்தத் தூளின் பிறப்பைச் சற்று அறிந்துகொள்வது நல்லது. வட்டுப் பிரேக்கில் சக்கரத்துடன் சேர்ந்து ஒரு வார்ப்பிரும்பு வட்டு சுழல்கிறது. பிரேக்கை மிதித்தவுடன், கேலிப்பர் என்னும் கவ்வி அந்த வட்டை இருபுறமும் இரண்டு பட்டைகளால் அழுத்திப் பிடிக்கிறது. ஓடும் வண்டியின் ஆற்றல் எங்கும் மறைந்துவிடுவதில்லை. உராய்வினால் வெப்பமாக மாறி வட்டின் வழியே காற்றில் கலக்கிறது. அவ்வாறு உராயும்போது பட்டையும் தேய்கிறது, வட்டும் தேய்கிறது. தேய்ந்து உதிரும் இரும்பு, கரி, பிசின், பிற உலோகங்கள் ஆகியவற்றின் நுண்துகள்களே அந்தக் கருந்தூள். சுண்ணக்கட்டி தேயாமல் கரும்பலகையில் எழுத முடியாது. அதுபோல் பட்டை தேயாமல் வண்டியை நிறுத்த முடியாது.

வேகத்தைக் குறைக்கும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. ஆகையால் முன் பிரேக்குகளே பெரும்பணியைச் செய்கின்றன. மேலும் இத்தகைய வேன்கள் பலவற்றில் பின் சக்கரங்களுக்கு வட்டுக்குப் பதிலாக உருளைப் பிரேக் அமைந்திருக்கும். அதன் தூள் உருளையின் உள்ளேயே பெரும்பாலும் அடங்கிவிடும். முன் சக்கரம் கறுப்பதும் பின் சக்கரம் வெளுத்திருப்பதும் இயல்பே. ஆனால் முன் இரண்டும் ஒன்றோடொன்று ஒத்திருக்க வேண்டும். ஒரே மிதி, ஒரே அழுத்தம், ஒரே பாதை. ஒன்று மட்டும் கூடுதலாகக் கறுக்க நியாயம் இல்லை. 34 ஆண்டுகள் கணக்கு நடத்தியவர் இந்தச் சமன்பாட்டின் இரு பக்கங்களும் சமமாக இல்லை என்பதைக் கேள்விக்கு உட்படுத்தவில்லை.

பள்ளி விடுமுறை வந்தது. பேரன், பேத்தி இருவரையும் அழைத்துக்கொண்டு ஆசிரியரும் துணைவியாரும் கேமரன் மலைக்குப் புறப்பட்டார்கள். தானா ராத்தாவில் இரண்டு இரவுகள் தங்கினார்கள். தேயிலைத் தோட்டங்களைப் பார்த்தார்கள். குழந்தைகள் ஸ்ட்ராபெரி பறித்தார்கள். ஒரு காலத்தில் தமிழ்த் தொழிலாளர்களின் கைகள் உருவாக்கிய பசுமை அது என்று ஆசிரியர் பேரப்பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னார். மூன்றாம் நாள் காலையில், தாம் முன்பு பணியாற்றிய ஊர்ப்பக்கத்தையும் காட்டிவிடலாம் என்று, ரிங்லெட் வழியாகத் தாப்பாவுக்கு இறங்கும் பழைய சாலையைத் தேர்ந்தெடுத்தார்.

அச்சாலையை அறிந்தோர் அதன் வளைவுகளையும் அறிவர். ஒரு வளைவு முடியுமுன் மற்றொன்று தொடங்கும். ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளத்தாக்கு. ஆசிரியர் வேகமாக ஓட்டுபவர் அல்லர். ஆயினும் சமவெளிச் சாலையில் பழகிய வழக்கப்படி உயர்ந்த கியரிலேயே வண்டியை விட்டுவிட்டு, ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக்கை மிதித்து மிதித்து இறங்கினார். தாழ்ந்த கியரில் செல்க என்று மலாய் மொழியில் எழுதிய பலகைகள் லாரிகளுக்காக வைக்கப்பட்டவை என்று அவர் எண்ணியிருந்தார்.

ரிங்லெட்டைக் கடந்து வெகுதூரம் இறங்கியபின் துணைவியார் மூக்கைச் சுருக்கினார்.

"என்னங்க, ஏதோ கருகுகிற நாற்றம் வருகிறதே?"

"முன்னால் போகும் காய்கறி லாரியாக இருக்கும்" என்றார் ஆசிரியர்.

லாரி ஒதுங்கி வழிவிட்டது. நாற்றம் போகவில்லை. அடுத்த வளைவில் மிதித்தபோது மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. வண்டியும் உடனே அடங்கவில்லை. அதற்கடுத்த வளைவில் இன்னும் ஆழமாக இறங்கியது. ஈரத்துணியை மிதிப்பது போன்ற ஓர் உணர்வு. பின்னால் குழந்தைகள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியரின் உள்ளங்கைகள் வியர்த்தன. அப்போதுதான் அந்தப் பலகைகளின் பொருள் அவருக்கு உறைத்தது. மூன்றாம் கியர், பின்னர் இரண்டாம் கியர் எனத் தாழ்த்தினார். எஞ்சின் உறுமியது, ஆனால் வண்டியை யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தது போல் வேகம் குறைந்தது. லாத்தா இஸ்கந்தார் அருவியருகே வாகனங்கள் நிற்கும் இடத்தில் மெல்லத் திருப்பி, கைப் பிரேக்கையும் இழுத்து நிறுத்தினார்.

இறங்கிப் பார்த்தபோது இடப்பக்க முன் சக்கரத்திலிருந்து மெல்லிய புகை எழுந்தது. அதனருகே கையைக் கொண்டுபோக முடியவில்லை. வலப்பக்கச் சக்கரத்தின் அருகே அத்தகைய அனல் இல்லை. அருவி நீரை வாளியில் எடுத்து வந்தபோது, பின்னால் வந்து நின்ற காய்கறி லாரியின் ஓட்டுநர் கையைப் பிடித்துத் தடுத்தார். "ஊற்றாதீர்கள் ஐயா. காய்ந்த இரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் வட்டு நெளிந்துவிடும், வெடித்தாலும் வெடிக்கும். தானாக ஆறட்டும். இதை ஓட்டிக்கொண்டும் இறங்காதீர்கள். தாப்பாவில் நம் பையன் ஒருவன் பட்டறை வைத்திருக்கிறான், இழுவை லாரியுடன் வரச் சொல்கிறேன்" என்றார்.

அவர் இறங்கிச் சென்றபின் ஆசிரியர் பாறையொன்றில் அமர்ந்து தம் பேரப்பிள்ளைகள் அருவிநீரில் கால் நனைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். 2013 ஆகஸ்ட் 21ஆம் நாள் கெந்திங் மலைச்சாலையில் இறங்கிய பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 உயிர்கள் பலியான செய்தியை அன்று பள்ளியின் ஆசிரியர் அறையில் அனைவரும் வாய்மூடிப் படித்தது அவருக்கு நினைவு வந்தது. குழந்தைகள் சிரித்த சிரிப்பு அவர் காதில் வேறு விதமாக ஒலித்தது.

இழுவை லாரியிலிருந்து இறங்கிய இளைஞர் ஆசிரியரைக் கண்டதும் எண்ணெய்க் கைகளைத் துடைத்துக்கொண்டு வணங்கினார். "சார், நான் உங்களிடம் நான்காம் ஆண்டில் படித்தவன்." அழிப்பானால் தேய்த்துத் தேய்த்துக் கணக்கேட்டின் தாளையே கிழித்துவிட்டு, அதற்காக வகுப்பின் முன் நின்ற சிறுவனின் முகம் அந்த மீசைக்குப் பின்னால் மெல்லத் தெரிந்தது.

பட்டறையில் சக்கரம் கழற்றப்பட்டது. முதலில் வெளியே வந்தது ஆசிரியர் மாட்டிய தட்டு. அதன் உட்புறத்தில் தூள் கையளவு கெட்டியாக அப்பியிருந்தது. இளைஞர் அதனைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். "பிரேக் வட்டு காற்றில்தான் ஆறவேண்டும், சார். இந்தத் தட்டு காற்றையே தடுத்துவிட்டது. லேசான காருக்கே இது நல்லதில்லை. உங்கள் வண்டியோ ஒரு வீட்டைச் சுமக்கிறது."

அடுத்து கேலிப்பரைக் கழற்றினார். அது முன்னும் பின்னும் தடையின்றி நகர்வதற்கென ஓர் இரும்புத் தண்டு உண்டு. அதன் ரப்பர் உறை கிழிந்து, ஈரம் புகுந்து, தண்டு துருவேறி இறுகிப்போயிருந்தது. மிதியிலிருந்து காலை எடுத்தபின்னும் பட்டைகள் வட்டை விடாமல் உரசிக்கொண்டே வந்திருக்கின்றன. உட்புறப் பட்டையில் உராயும் பொருள் தாள் கனத்துக்கு மட்டுமே மிஞ்சியிருந்தது. வட்டின் முகம் வெப்பத்தால் நீலம் பாரித்திருந்தது. பிரேக் எண்ணெயும் பழையது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகை எண்ணெயின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியசுக்குக் குறையாது. ஈரம் ஏறியபின் 155 டிகிரி வரை தாழ்ந்துவிடலாம். எண்ணெய் கொதித்தால் ஆவிக்குமிழ்கள் உண்டாகும். அவை அழுத்தத்தை விழுங்கிவிடும். மிதி ஆழமாக இறங்கியதன் காரணம் அதுதான். ஆகவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனை மாற்றுவது நல்ல வழக்கம்.

"இது பல மாதங்களாக இறுகியிருக்க வேண்டும். இந்தச் சக்கரம் மட்டும் கூடுதலாகக் கறுத்திருக்குமே, பார்க்கவில்லையா சார்?"

"பார்த்தேன்" என்றார் ஆசிரியர். "பார்த்துத் துடைத்துவிட்டேன்."

இளைஞர் எதுவும் சொல்லவில்லை. தலையைக் குனிந்து வேலையைத் தொடர்ந்தார். சொல்ல வேண்டியதை ஆசிரியரே தமக்குள் சொல்லிக்கொண்டார். அழிப்பானைத் தொடக்கூடாது என்று எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பார்! சனிக்கிழமைதோறும் முக்காலியில் அமர்ந்து அவர் கையாண்டது அதே அழிப்பானைத்தான்.

வேலை முடியும்வரை இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போது கேட்பவர் ஆசிரியர், சொல்பவர் மாணவர். தூளைக் குறைக்க வழியே இல்லையா என்றார் ஆசிரியர். உண்டு, ஆனால் வரிசை முக்கியம் என்றார் மாணவர். முதலில் பார்க்க வேண்டும், பிறகு பழுது நீக்க வேண்டும், பிறகு ஓட்டும் முறையைத் திருத்த வேண்டும், கடைசியில்தான் கழுவுவது.

பார்ப்பது எளிது. ஒரே அச்சிலுள்ள இரு சக்கரங்களையும் ஒப்பிட வேண்டும். ஒன்று மிகுதியாகக் கறுத்தால் அங்கே பட்டை உரசிக்கொண்டிருக்கலாம். ஒன்று மிகுதியாக வெளுத்திருந்தால் அங்கே பிரேக் சரியாகப் பிடிக்காமல் இருக்கலாம். வண்டி ஒரு பக்கமாக இழுப்பதும், பயணம் முடிந்ததும் ஒரு சக்கரம் மட்டும் அனல் வீசுவதும் அதே நோயின் அறிகுறிகள்.

அடுத்தது ஓட்டும் முறை. காகிதமும் பென்சிலும் வாங்கி, ஆசிரியர் பட்டறை மேசையிலேயே ஒரு கணக்குப் போட்டார். 3,000 கிலோகிராம் எடையுள்ள வேன் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதனிடம் உள்ள இயக்க ஆற்றல் ஏறத்தாழ 740 கிலோஜூல். ஒருமுறை முழுதாக நிறுத்த இவ்வளவையும் வெப்பமாக்க வேண்டும். அதே வேன் 1,400 மீட்டர் உயரத்திலிருந்து கீழே இறங்கினால் 41,000 கிலோஜூலுக்கு மேல் விடுவிக்க வேண்டியிருக்கிறது. எண்பதில் ஓடும் வண்டியை ஐம்பத்தைந்து முறை தொடர்ந்து நிறுத்துவதற்கு அது சமம். அறை வெப்பத்திலுள்ள 140 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம். காற்றும் டயர்களும் ஒரு பங்கை ஏற்கும். எஞ்சியதைத் தாழ்ந்த கியரின் மூலம் எஞ்சின் ஏற்கலாம். இல்லையேல் இரண்டு கைப்பிடி அளவுள்ள பட்டைகள் ஏற்க வேண்டும். விடையைப் பார்த்ததும் ஆசிரியர் பென்சிலைக் கீழே வைத்தார்.

மலையிலிருந்து இறங்கத் தொடங்குமுன்பே தாழ்ந்த கியருக்கு மாறிவிட வேண்டும். பிரேக்கின்மேல் காலை ஊன்றிக்கொண்டே வரலாகாது. தேவையானபோது அழுத்தமாக ஒருமுறை மிதித்து வேகத்தைத் தணித்து, காலை எடுத்து, வட்டு ஆற இடம் கொடுக்க வேண்டும். சமவெளியிலும் முன்வண்டிக்கும் தமக்கும் மூன்று வினாடி இடைவெளி விட்டு, சிவப்பு விளக்கைத் தொலைவிலேயே கண்டு வேகத்தைத் தானே குறைய விட்டால் பாதித் தொல்லை தீரும். சுமையையும் குறைக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோகிராம். மலையேறும்போது தொட்டியை நிரப்பிச் செல்ல வேண்டியதில்லை. இறங்கும்போது கண்டிப்பாக வேண்டியதில்லை. புத்தகப் பெட்டியைப் பற்றி மாணவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆசிரியரே அதிலிருந்து பாதியை எடுத்து வைப்பதாக ஒப்புக்கொண்டார்.

பட்டையின் வகையும் ஒரு காரணம். உலோகம் மிகுதியாகக் கலந்த பட்டைகள் வெப்பத்தை நன்கு தாங்கும். ஆனால் கரிய தூளை மிகுதியாக உதிர்க்கும். செராமிக் பட்டைகள் குறைவாகவும் வெளிறிய நிறத்திலும் உதிர்க்கும். ஆயினும் தூள் குறைவு என்பதற்காக மட்டும் பட்டையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. வண்டியின் முழுச் சுமைக்கும் மலைச்சாலைக்கும் ஏற்றது எனத் தயாரிப்பாளர் குறிப்பிட்டதையே மாட்ட வேண்டும். சக்கரம் அழகாக இருப்பதைவிட வண்டி நிற்பது முக்கியம்.

கடைசியில்தான் கழுவுதல். சக்கரம் நன்றாக ஆறிய பின்னரே நீர் படவேண்டும். தூளை உலர்ந்த துணியால் தேய்த்தால் இரும்புத் துகள்கள் மேற்பூச்சைக் கீறும்; காற்றடித்து ஊதினால் மூச்சில் கலக்கும். முற்காலப் பட்டைகள் பலவற்றில் புற்றுநோயை உண்டாக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது என்பதையும் மறக்கலாகாது. முதலில் நீரால் நனைத்து, மென்மையான சோப்பு நீராலும் தூரிகையாலும் கழுவுவதே போதும். ஒட்டிப்போன இரும்புத் துகளைக் கரைப்பதற்கென அமிலத்தன்மையற்ற நீர்மங்கள் உள்ளன; தெளித்தவுடன் அவை ஊதா நிறமாக வழியும்; அழுகிய முட்டை போல நாறும். அவற்றையும் உலர விடாமல் அலசிவிட வேண்டும். தூள் சக்கரத்திலேயே கிடந்தால் மழையில் துருப்பிடித்து மேற்பூச்சில் ஊன்றிக்கொள்ளும். பூச்சு கெட்டால் அலுமினியமும் அரிக்கப்படும். கடற்கரைக்குச் சென்று வந்தபின் உப்பும் சேர்ந்துகொள்ளும். தூய சக்கரத்தில் மெழுகோ அதற்கென உள்ள பாதுகாப்புப் பூச்சோ இட்டால் தூள் எளிதில் ஒட்டாது. ஒட்டினாலும் நீரிலேயே போகும். ஆனால் மெழுகு ஒரு துளிகூடப் பிரேக் வட்டில் படக்கூடாது.

கழுவிய நீர் எங்கே போகிறது என்பதையும் உலகம் எண்ணத் தொடங்கியிருக்கிறது. பட்டைகளிலிருந்து உதிரும் செம்பு மழைநீருடன் ஓடைகளில் கலந்து மீன்களுக்குக் கேடு செய்வதை அறிந்து, அமெரிக்காவின் வாஷிங்டன், கலிபோர்னியா மாநிலங்கள் 2010ஆம் ஆண்டில் பட்டைகளில் செம்பின் அளவைப் படிப்படியாகக் குறைக்கச் சட்டம் இயற்றின. ஐரோப்பிய ஒன்றியம் 2024ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட யூரோ 7 விதிகள், புகைக்குழாயின் புகையோடு பிரேக்கின் தூளுக்கும் முதன்முறையாக வரம்பு விதித்தன. எஞ்சினில் ஓடும் கார்களுக்கு அவ்வரம்பு கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம். மின்கலத்தில் ஓடும் வண்டிகள் வேகம் தணியும்போது அந்த ஆற்றலில் ஒரு பகுதியை மின்சாரமாகத் திருப்பிச் சேமிப்பதால் அவற்றின் பட்டைகள் குறைவாகவே தேய்கின்றன. அவற்றுக்கு வரம்பு 3 மில்லிகிராம். ஓர் ஆசிரியரின் சனிக்கிழமைத் தொல்லையாகத் தோன்றிய ஒன்று ஆற்றுக்கும் காற்றுக்கும் உரிய கேள்வியாகவும் இருக்கிறது.

மாலையில் வேன் தயாராயிற்று. முன் பக்கத்து வட்டுகளும் பட்டைகளும் இரு புறமும் சேர்த்தே மாற்றப்பட்டன; இறுகிய தண்டுக்குப் பதில் புதியது பூட்டப்பட்டது; பிரேக் எண்ணெய் புதிதாக ஊற்றப்பட்டது. புதிய பட்டைகள் வட்டுடன் பொருந்தும்வரை சில நாட்களுக்கு மென்மையாக மிதிக்கும்படி சொல்லி அனுப்பினார் மாணவர். தேய்ந்த பழைய பட்டையை ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொண்டார். அது கிள்ளான் வீட்டில், அவருடைய எழுதும் மேசையின்மேல், ஓய்வுபெற்ற நாளில் பள்ளியிலிருந்து எடுத்து வந்த சுண்ணக்கட்டிப் பெட்டியின் அருகில் இருக்கிறது.

சனிக்கிழமைக் காலைகள் நின்றுவிடவில்லை. முக்காலியும் வாளியும் மறுபடியும் வெளியே வருகின்றன. ஆனால் வாளியைத் தொடுமுன் ஆசிரியர் வண்டியை ஒருமுறை சுற்றி வருகிறார். விரலால் ஒவ்வொரு சக்கரத்தையும் தொட்டு, விரல் நுனியைப் பார்க்கிறார். தூள் முன்னைவிட மிகவும் குறைந்திருக்கிறது; அடியோடு இல்லாமற் போகவில்லை. அது இல்லாமற் போகவும் முடியாது. அமிலம் உண்டாக்கிய மங்கலான திட்டுகளும் அப்படியே உள்ளன. அவற்றை மறைக்க அவர் முயலவில்லை.

ஒரு நாள் உடனிருந்த பேரன், முன் சக்கரத்தைக் காட்டி, "தாத்தா, இன்னும் கறுப்பு இருக்கிறதே, கழுவவில்லையா?" என்று கேட்டான்.

"கழுவலாம்" என்றார் ஆசிரியர். "முதலில் அந்தப் பக்கம் போய், அதிலும் இதே அளவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வா."

சிறுவன் ஓடினான். அவன் திரும்பி வந்து விடை சொல்லும்வரை துணி வாளியிலேயே கிடந்தது.